ஒற்றை ஃபைல் டேட்டாபேஸ்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் புள்ளி

டேட்டாபேஸ்னு சொன்னதும் நிறைய பேருக்கு ஏசி ரூம், வரிசையா சர்வர், அதைக் காவல் காக்க சம்பளத்துக்கு ஒரு ஆள்னு படம் ஓடும். பொட்டி தட்டுற எனக்குப் பகல்ல சோறு போடுறதும் அந்த ஜாதிதான். இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. சர்வர் கிடையாது, பாஸ்வேர்ட் கிடையாது, தனியா ஓடவிட ஒண்ணும் கிடையாது. மொத்த டேட்டாவும் ஒரே ஒரு ஃபைல். பென் டிரைவ்ல காப்பி பண்ணினா டேட்டாபேஸே சட்டைப் பாக்கெட்டுக்கு வந்துடும். ஜாவாஸ்கிரிப்ட் ஆளுங்க இப்போ சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் இதைத்தான் எடுக்கறாங்க. நெடிபி, லோடிபி, எஸ்க்யூலைட்னு பல பேர்ல கிடைக்குது.

ஆணி கம்மியா இருந்த ஒரு சமயம் இதை நோண்ட வேண்டி வந்தது (காரணம் கீழே வருது). நோண்டினா, புதுசுன்னு நாம நினைக்கறது எல்லாம் ரொம்பப் பழசு. பயப்படாதீங்க, கோட் ஒரு வரிகூட கிடையாது.

1979ல் பெல் லேப்ஸ்ல இருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்புல கென் தாம்ப்சன் எழுதின 'டிபிஎம்'னு ஒரு குட்டி லைப்ரரி இருந்தது. ஒரு சாவியைக் கொடுத்தா அதுக்கான தகவலை ஃபைல்ல இருந்து எடுத்துத் தரும். அவ்வளவுதான். இந்த வம்சத்துக்கு அதைக் கொள்ளுத்தாத்தான்னு சொல்லலாம். ஆனா கதையில சுவாரசியமான ஆள் வேற ஒருத்தர். வெய்ன் ராட்லிஃப், நாசாவோட ஜெட் ப்ரொபல்ஷன் லேப்ல வேலை பார்த்தவர். ஆபீஸ்ல ஃபுட்பால் பந்தயம் கட்டுவாங்களாம், அதுல ஜெயிக்கறதுக்குக் கணக்கு வெச்சுக்கணும்னு 1978ல் வீட்டுல உக்காந்து ஒரு ப்ரோக்ராம் எழுத ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி 'டிபேஸ் 2'னு பேர் மாறி உலகம் பூரா வித்தது. 'டிபேஸ் 1'னு ஒண்ணு வரவே இல்லை, மார்க்கெட்டிங் ஆளுங்க எப்பவுமே அப்படித்தான் :-)

டிபேஸோட ஃபைல் வடிவம் டிபிஎஃப். மொதல்ல ஒரு தலைப்பகுதி: என்னென்ன கட்டம், ஒவ்வொண்ணும் எத்தனை பைட். அதுக்கு அப்புறம் ஒரே அகலத்துல ரெக்கார்டு ரெக்கார்டா அடுக்கியிருக்கும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் மொத பைட் மட்டும் ஸ்பெஷல். அங்கே வெறும் இடைவெளி இருந்தா ரெக்கார்டு உயிரோட இருக்குன்னு அர்த்தம், நட்சத்திரக் குறி இருந்தா அழிச்சாச்சுன்னு அர்த்தம். அதாவது டெலிட் பண்ணினாலும் உள்ளே இருக்கறது போகாது. பால்காரர் நோட்டுல பேர் மேல ஒரு கோடு இழுக்கற மாதிரிதான். 'பேக்'னு ஒரு கட்டளை கொடுத்தாத்தான் நட்சத்திரம் போட்டதெல்லாம் நிஜமா காணாமப் போகும். இந்த நட்சத்திரத்தை ஞாபகம் வெச்சுக்குங்க.

டிபேஸுக்குப் போட்டியா ஃபாக்ஸ்பேஸ், அப்புறம் ஃபாக்ஸ்ப்ரோ. 1992ல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிச்சு. நம்ம ஊர்ல 90கள்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டெல்லாம் பக்கத்து ரூம்ல நாலு கம்ப்யூட்டர் போட்டு 'கம்ப்யூட்டர் சென்டர்' ஆனப்போ, போர்டுல டாஸ், லோட்டஸோட டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோவும் இருக்கும். கடை பில்லிங், கிளினிக் டோக்கன், சொசைட்டி கணக்கு எல்லாம் அதுலதான். நூலகங்களுக்குன்னு யுனெஸ்கோ இலவசமா கொடுத்த சிடிஎஸ்/ஐசிஸ்னு ஒண்ணு தனியா இருந்தது. அதுவும் ஃபைல் ஜாதிதான்.

இப்ப காரணத்துக்கு வர்றேன். கொசுவத்தி சுத்துங்க.

எங்க மாமா (அம்மாவோட அண்ணன்) மந்தைவெளியில ஒரு லெண்டிங் லைப்ரரி வெச்சிருந்தார். நாவல், மாத நாவல், இங்கிலீஷ் த்ரில்லர் எல்லாம் உண்டு. ஆனா கடைக்குப் பெருமை பைண்டிங்தான். வாரப் பத்திரிகையில வந்த தொடர்கதையை வாராவாரம் கிழிச்சுச் சேர்த்துத் தைச்சு, காலிகோ அட்டை போட்ட வால்யூம்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய வீடுகள்ல ஒரு தலைமுறையே இதை ஒரு விரதம் மாதிரி பண்ணியிருக்கு. பழைய பேப்பர்காரர்கிட்ட போறதுக்கு முன்னாடி மாமா அதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். கடையில வாங்கற புத்தகமாப் படிச்சா கதை மட்டும்தான் கிடைக்கும். பைண்டிங்லதான் 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் போட்ட படமும் 'தில்லானா மோகனாம்பா'ளுக்கு கோபுலு போட்ட படமும் பக்கத்துலயே இருக்கும். பின்பக்கத்துல துணுக்கு, விளம்பரம், சில நேரம் முன்னாடி வாங்கின வீட்டுப் பாட்டி பென்சில்ல எழுதின மளிகைக் கணக்கு.

90கள் நடுவுல காலேஜ் பையன் ஒருத்தர் மாமாவுக்கு ஃபாக்ஸ்ப்ரோவுல கேட்டலாக் பண்ணிக் கொடுத்தார். தலைப்பு, எழுதினவர், எந்தப் பத்திரிகை, எந்த வருஷம், ஓவியர், எந்த அத்தியாயம் இல்லை, கடைசியா யார்கிட்ட போச்சு. கேபிள் டிவி வந்து, சீரியல் வந்து, கடையை மூடினப்போ நாவல்களை வித்துட்டார். பைண்டிங்கை மட்டும் விக்க மனசு வராம கோட்டூர்புரத்துல அவர் வீட்டுக் கீழ்த்தளத்துல அடுக்கி வெச்சார். 2015 டிசம்பர் 1 ராத்திரி அடையாறு கரை தாண்டினப்போ அந்தத் தளம் முழுசா முழுகிப்போச்சு. தண்ணி வடிஞ்சதும் போய்ப் பார்த்தோம். காகிதக் கூழ். கம்ப்யூட்டரும் அதுக்குள்ளயேதான்.

மிச்சம் இருந்தது எங்க வீட்டு பீரோவுல கிடந்த ஒரு சிடி. அதுல அந்த ஒத்தை டிபிஎஃப் ஃபைல். சர்வர், லைசன்ஸ், பாஸ்வேர்ட்னு ஏதாவது ஒண்ணோட அது கட்டிப்போட்டு இருந்திருந்தா அன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்.

"இதுல என்ன இருக்கு மாமா?"ன்னு கேட்டேன்.

"எல்லாம் இருக்குடா. தொறக்கத்தான் வழி இல்லை."

தொறக்கறது சுலபம். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியில ஆதரவை நிறுத்திடுச்சுன்னாலும் டிபிஎஃப் அவ்வளவு எளிமையான வடிவம், ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு சாயங்காலத்துல படிச்சுடலாம். படிச்சேன். வந்தது தமிழ் இல்லை. கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்து, பின்னம், பவுண்டு குறி. டிபிஎஃப் தலைப்பகுதியில 'இது எந்த மொழிக் குறியீடு'ன்னு சொல்றதுக்கு ஒரு பைட் ஒதுக்கியிருக்காங்க. ரஷ்யனுக்கு உண்டு, கிரேக்கத்துக்கு உண்டு. தமிழுக்கு எண்ணே கிடையாது. நம்ம ஃபைல்ல அந்த பைட் பூஜ்யம்.

அந்தக் காலத்துத் தமிழ்க் கம்ப்யூட்டர் கதையே இதுதான். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறிமுறை. ஆங்கிலத்துக்கு மிஞ்சின 128 இடத்துல தமிழை எப்படி அடைக்கறதுன்னு ஒவ்வொருத்தரும் ஒரு வழி கண்டாங்க. சுவிட்சர்லாந்து லோசான்ல வேதியியல் ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த கு. கல்யாணசுந்தரம் 90கள்ல ஒரு எழுத்துருவை இலவசமா வெளியிட்டார். பேர் 'மயிலை'. (எங்க ஏரியாக்காரனுக்குப் பெருமை தாங்கலை!) அவர்தான் 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். பழைய இலக்கியத்தைத் தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணி சாதா ஃபைலா வெச்ச வேலை அது. இணையத்துல தமிழ் பேசினவங்க கூடி 'டிஸ்கி'னு ஒரு பொதுக் குறிமுறை போட்டாங்க. (பதிவு முடிவுல போடுற டிஸ்கி இல்லை!) 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது, அதுல இருந்து 'டாம்', 'டாப்'னு ரெண்டு குறிமுறையும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தது. ஒரு மொழி, மூணு தரம். இதுக்கெல்லாம் முன்னாடி 1991லயே யுனிகோடுல தமிழுக்கு இடம் கிடைச்சாச்சு, தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்கிட்டு அரசாணை போட்டது 2010ல்.

மதுரைத் திட்டத்து ஃபைல்கள் மயிலையில ஆரம்பிச்சு டிஸ்கிக்குப் போய் யுனிகோடுக்கு வந்ததுக்குக் காரணம், அதை மாத்தி மாத்தி எழுத ஆள் இருந்தாங்க. மாமா ஃபைலுக்கு யாரும் இல்லை. எந்த எழுத்துருன்னு அவருக்கும் ஞாபகம் இல்லை. தெரிஞ்ச குறிமுறை எல்லாம் போட்டுப் பார்த்தேன், எதுவும் பொருந்தலை.

அப்புறம் வேற வழியில போனோம். மாமாவுக்குத் தலைப்பு எல்லாம் மனப்பாடம். "மொத ரெக்கார்டு என்ன மாமா?" "அலை ஓசை. கல்கி. சந்தேகமே இல்லை." இந்த பைட்டு 'அ', இது 'லை', இது 'ஓ'. அடுத்தது, அடுத்ததுன்னு மூணு ஞாயித்துக்கிழமை. 20 தலைப்புல முக்கால்வாசி எழுத்து விழுந்துடுச்சு. கொம்புதான் படுத்தினது. அந்தக் காலக் குறிமுறைகள்ல 'கெ'ன்னா நாம கையால எழுதற மாதிரி மொதல்ல கொம்பு, அப்புறம் 'க'. யுனிகோடுல மொதல்ல 'க', அப்புறம் கொம்பு. எல்லாத்தையும் இடம் மாத்தணும். 'கௌ'வுல வர்ற பின்பகுதியும் 'ள'வும் இந்த எழுத்துருவுல ஒரே பைட். 'கௌரி'யா 'கெளரி'யான்னு மெஷினுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும்.

இது ஒண்ணும் நமக்குப் புதுசு இல்லைங்க. ஓலைச்சுவடியில பெரும்பாலும் புள்ளி வெக்க மாட்டாங்க. கொம்புல குறில் நெடில் வித்தியாசம் இருக்காது, காலும் 'ர'வும் ஒரே மாதிரி இருக்கும். உ.வே.சா. முன்னாடி சுவடி இருந்தது, எழுத்து இருந்தது. அது 'க'வா 'க்'கா, 'கொ'வா 'கோ'வா, இல்லை 'கெர'வான்னு முடிவு பண்ண யாப்பும் உரையும் வேற பிரதியும் தேவைப்பட்டது. 1887ல் சிந்தாமணி, 1894ல் புறநானூறுன்னு அச்சுக்கு வந்தது எல்லாமே ஒரு வகையில குறிமுறை மாற்றம்தான். திருவல்லிக்கேணியில அவர் இருந்த 'தியாகராச விலாசம்' வீட்டை 2012ல் இடிச்சாச்சு. சுவடிகள், 1943ல் ருக்மிணி தேவி அருண்டேல் உதவியோட தொடங்கின அவர் பேர்ல இருக்கற நூலகத்துல, பெசன்ட் நகர்ல பத்திரமா இருக்கு. தூக்கிட்டுப் போக முடிஞ்சதுதான் தங்குது, அதுவும் படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருந்தாத்தான்.

சரி, ஜாவாஸ்கிரிப்டுக்கு வருவோம். 1995ல் நெட்ஸ்கேப்ல பிரெண்டன் ஐக் பத்து நாள்ல எழுதினப்போ அது பிரவுசருக்குள்ள அடைஞ்ச குழந்தை, ஃபைலைத் தொட அனுமதி இல்லை. 2009ல் ரையன் டால் நோட்.ஜேஎஸ் கொண்டு வந்ததும் வெளியே வந்துடுச்சு. 2013ல் லூயி ஷாத்ரியோ எழுதின நெடிபி, இந்த மொழிக்கு ரொம்பப் பொருத்தமான ஒற்றை ஃபைல் டேட்டாபேஸ். வேலை செய்யற விதம் அழகு. ஃபைல்ல ஒரு ரெக்கார்டுக்கு ஒரு வரி, சாதா ஜேசன். திருத்தினா பழைய வரியைத் தொடாது, கடைசியில புது வரி சேர்க்கும். படிக்கும்போது ஒரே அடையாள எண்ணுக்கு எது கடைசியோ அதுதான் செல்லும். அழிச்சாலும் 'அழிச்சாச்சு'ன்னு ஒரு வரி சேரும், அவ்வளவுதான். அடுத்த தடவை தொறக்கும்போது பழைய வரியெல்லாம் கழிச்சுட்டு ஃபைலைச் சுருக்கமா திருப்பி எழுதும். ராட்லிஃபோட நட்சத்திரமும் 'பேக்'கும்தான் வேஷம் மாத்தி வந்திருக்கு. இன்னொரு நல்ல குணம், ஃபைல்ல நூத்துக்குப் பத்து வரிக்கு மேல கெட்டுப்போயிருந்தா 'நான் தொறக்க மாட்டேன்'னு நின்னுடும். கெட்டதை நல்லதுன்னு நினைச்சு மேல எழுதிடாது.

மாத்தின ரெக்கார்டை எல்லாம் நெடிபியில ஏத்தினேன். நாலாயிரத்துச் சொச்சம். மாமா கணக்குப்படி அவ்வளவு இருக்கக் கூடாது. "மூவாயிரத்து எண்ணூறு தாண்டாதுடா"ன்னார். எண்ணிப் பார்த்தா மிச்சம் எல்லாம் நட்சத்திரம் போட்ட ரெக்கார்டு. அந்தக் காலேஜ் பையனும் சரி, மாமாவும் சரி, ஒரு தடவைகூட 'பேக்' கட்டளை கொடுக்கலை. அழிச்சதெல்லாம் அப்படியே உள்ள கிடந்தது.

எதை அழிச்சார்? வாடகைக்குப் போய்த் திரும்பி வராத வால்யூம். ரெண்டு வருஷம் பார்த்துட்டு, கேட்டலாக்ல இருந்து தூக்கிடுவாராம்.

வெள்ளத்துல போனது, கேட்டலாக்ல உயிரோட இருந்த வால்யூம் எல்லாம். நட்சத்திரம் போட்டது அன்னிக்கு அந்த வீட்டுல இல்லவே இல்லை. அபிராமபுரத்துலயோ, பெசன்ட் நகர்லயோ, தி.நகர் வெங்கட்நாராயணா ரோடு பக்கமோ ஏதோ ஒரு பரண்ல இருந்திருக்கும். மாமா அந்தப் பட்டியலை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "திருப்பித் தராதவங்களுக்குக் கோடிப் புண்ணியம்டா"ன்னார். இதே லைப்ரரியில இருந்த வரைக்கும் அவங்களை என்னென்ன திட்டியிருப்பார்னு அத்தை சாட்சி சொல்லுவாங்க.

அதுக்கப்புறம் நெடிபியோட தானா சுருக்கிக்கற குணத்தை நான் நம்பலை. 'அழிச்சது'ங்கற விஷயத்தையே ஒரு கட்டமா மாத்தி, 'திரும்பி வரவில்லை'ன்னு எழுதி வெச்சேன். நெடிபியைப் பராமரிக்கறதையும் எழுதினவர் நிறுத்தியாச்சு, வேற சிலர் கிளை பிரிச்சு ஓட்டறாங்க. லைப்ரரி செத்தாலும் ஃபைல் சாகலை. நோட்பேட்ல தொறந்தாக்கூட வரி வரியா தமிழ் படிக்கலாம். இருந்தாலும் நீண்ட நாளைக்குன்னு எஸ்க்யூலைட்டுக்கு மாறினேன்.

எஸ்க்யூலைட் பொறந்தது போர்க்கப்பலுக்காக. ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படை வேலையில இருந்தப்போ, டேட்டாபேஸ் சர்வர் படுத்தா கப்பல்ல இருந்த சாஃப்ட்வேரும் 'சர்வரைக் காணோம்'னு படுத்துக்கும். சர்வரே இல்லாம பண்ணினா என்னன்னு யோசிச்சு 2000ல் எழுதினார். மொத வடிவத்துக்கு அடியில இருந்தது, நம்ம கொள்ளுத்தாத்தா டிபிஎம்மோட க்னூ வாரிசு. பிரவுசருக்குள்ளயும் இதை வெக்க 'வெப் எஸ்க்யூஎல்'னு முயற்சி நடந்து, எல்லா பிரவுசரும் எஸ்க்யூலைட் ஒண்ணையே பயன்படுத்தினா அதை எப்படி ஒரு தரம்னு சொல்றதுன்னு 2010ல் கைவிட்டாங்க. 2024ல் நோட்.ஜேஎஸ் 22.5 அதைத் தன்னோடயே சேர்த்துக்கிச்சு, தனியா எதையும் நிறுவ வேண்டாம். எனக்குப் பிடிச்சது வேற. ஃபைலோட முதல் 16 பைட்ல தன் பேரை எழுதி வெச்சிருக்கும். 56ஆவது இடத்துல, உள்ளே இருக்கற எழுத்து எந்தக் குறிமுறைன்னு ஒரு எண் இருக்கும், 1 இருந்தா யூடிஎஃப்-8. மாமா ஃபைல்ல பூஜ்யமா இருந்த அந்த ஒத்தை பைட்டுக்குப் பதில் இதுல இருக்கு. இந்த ஃபைல் வடிவத்தை 2050 வரைக்கும் ஆதரிக்கப்போறதா வேற எழுதி வெச்சிருக்காங்க.

மிச்சம் ஒரு தலைவலி, அகர வரிசை. யுனிகோடு தமிழ், ஐஎஸ்சிஐஐன்னு 1988ல் எல்லா இந்திய மொழிக்கும் பொதுவா போட்ட இந்தியக் குறிமுறையோட அச்சுல வார்த்தது. அதனால 'ந' பக்கத்துல 'ன', 'ர' பக்கத்துல 'ற', 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவுல 'ஜ'. புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னாடி. அப்படியே வரிசைப்படுத்தினா மனம், மரம், மலை, மழைன்னு வரும். நம்ம அகராதியில மரம், மலை, மழை, மனம். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன்ல 'அக்கம்' மொதல்ல வரும், 'அகம்' பின்னாடி வரும். மெஷின் தலைகீழா போடும். ஒரு லட்சத்துக்கு மேல சொல்லை 1924ல இருந்து 1936 வரைக்கும் வால்யூம் வால்யூமா வரிசை பிசகாம அச்சுல கொண்டு வந்தவங்க, வையாபுரிப் பிள்ளையும் கூட இருந்தவங்களும், கம்ப்யூட்டர் இல்லாமத்தான் பண்ணினாங்க.

ஜாவாஸ்கிரிப்ட்ல தமிழ் வரிசைக்கு வழி உண்டு. ஆனா நோட்.ஜேஎஸ் 2019ல் 13ஆம் பதிப்பு வரைக்கும் ஆங்கிலத்துக்கான தரவை மட்டும்தான் கூடவே கொண்டு வந்தது, 'தமிழ்ப்படி அடுக்கு'ன்னா கேட்ட மாதிரி தலையாட்டிட்டு ஆங்கில வழக்கப்படி அடுக்கும். எஸ்க்யூலைட்டுக்குத் தானா தமிழ் வரிசை தெரியாது. அதனால ஒவ்வொரு தலைப்புக்கும் எழுத்தை எண்ணா மாத்தி ஒரு வரிசைச் சாவி பண்ணி, அதையும் ஃபைல்லயே ஒரு கட்டமா வெச்சுட்டேன். ஃபைல் எங்க போனாலும் வரிசையும் கூடப் போகும். 'பொ'வை ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு கால்னு ரெண்டு குறியாவும் எழுதலாம், கண்ணுக்கு ஒண்ணா இருக்கும், மெஷினுக்கு வேற வேற. 'பொன்னியின் செல்வன்'னு தேடினா பாதி அகப்படாம போன காரணம் அதுதான். ஏத்தறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் ஒரே வடிவமாக்கிடணும்.

உங்க வீட்டுலயும் டாட் டிபிஎஃப்னு முடியற பழைய ஃபைல் சிடியிலயோ ஃப்ளாப்பியிலயோ கிடந்தா மொதல்ல ஒரு காப்பி எடுங்க, அப்புறம் அதைப் போட்டு வெச்ச ஆள் யாருன்னு விசாரிச்சு ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேசுங்க. எழுத்துரு அட்டவணையைவிட அவங்க ஞாபகம் நல்லா வேலை செய்யும்.

டிஸ்கி: மந்தைவெளி லைப்ரரி முத்திரை, ஊதா மை, வட்டம். பைண்டிங் வால்யூம்ல அட்டைக்கு உள்பக்கம் குத்தியிருக்கும். பரண்ல அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க, நான் வந்து ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பித் தந்துடறேன். ஃபைன் கிடையாதுன்னு மாமா சொல்லச் சொன்னார்.